சிவலைக்குச் சொன்ன கொழும்பு

கொழும்பு பார்க்க என் மனைவி வருவாளா மாட்டாளா என்பது கடைசியில் ஒரு பசுவின் கையில் வந்து நின்றது. பசுவுக்கு ஏது கை? மடியில் என்று வைத்துக்கொள்வோம். சிவலை பாலை இறக்கினால் அவள் ரயிலேறுவாள். இறக்காவிட்டால் வட்டக்கச்சியை விட்டு அசையமாட்டாள், நானும் போகமாட்டேன். இவ்வளவுதான் கதை. ஆனால் இதை நேராகச் சொல்லி முடிக்க எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் நான். வண்டில் போகிற மாதிரித்தான் சொல்லுவேன், பள்ளம் கண்ட இடத்தில் நின்று நின்று.

முதலில் அவளுக்குக் கொழும்பின் மேல் ஏன் அப்படி ஓர் எண்ணம் என்று சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். வேலிக்கு வேலி பொட்டு வைத்திருப்பார்கள், அதற்குள்ளால் குனிந்து போய் நெருப்புக்கொள்ளி வாங்கி வரலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் அரசாங்கம் வயற்காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு நான் முதலில் தனியாக வந்து காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு போட்டேன். கலியாணம் முடிந்த கையோடு அவளைக் கூட்டி வந்தேன். லொறியில் அம்மி, குழவி, பானை சட்டி, ஒரு தகரப் பெட்டி. அவற்றுக்கு நடுவில் கால் மடக்கிப் படுத்தபடி ஒரு சிவலைப் பசுக்கன்று. அவளுடைய தகப்பன் கொடுத்தது.

லொறி போன பிறகு அவள் முற்றத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். முற்றம் என்று நான்தான் சொல்கிறேன். அப்போது அது பாலை மரக் கட்டைகள் கிடந்த வெளி.

“இதுக்கு அங்காலை என்ன ஊர்?” என்று கேட்டாள்.

“காடு.”

“அதுக்கும் அங்காலை?”

“அதுவும் காடுதான்.”

“அப்ப கொழும்பு எங்கை கிடக்கு?”

“உந்தக் காடெல்லாம் முடிய.”

ஏன் கொழும்பைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதுவரை அவள் பரந்தனைக்கூடக் கண்டவள் இல்லை. பிறகு ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். “ஒரு பக்கமாவது கனக்க ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் படுத்தா நித்திரை வருமெல்லோ” என்றாள். “முதல் நல்ல விளைச்சலோடை உம்மைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், இரும்” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மோர் ஊற்றினாள். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.

ஆனால் நல்ல விளைச்சல் லேசில் வரவில்லை. முதல் போகத்தைப் பன்றி உழுதது. அதற்கடுத்ததில் யானை வந்தது. தனியன், ஒற்றைக் கொம்பன். பயிர் குடலைப் பருவம், பால் கட்டுவதற்கு முன். தின்றால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். அது தின்னவில்லை. நடு வயலில் நின்று சுற்றிச் சுற்றி வந்தது, சாமி ஆடுகிறவர் மாதிரி. நாங்கள் தகரம் தட்டத் தட்ட அதற்குத் தாளம் கிடைத்தது போல இன்னும் ஆடியது. விடிந்து பார்த்தால் வயலின் நடுவில் வட்டமாக ஒரு களம் மிதித்து வைத்திருந்தது. அறுப்புக்கு முன்னமே சூடடித்த யானை என்று ஊரில் பகிடி.

பிறகு பெருவெள்ளம் வந்த வருசம். அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கதை அதோடு போய்விடும், விடுகிறேன். அதற்கடுத்த வருசம் கொழும்புப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் அதிகம், போனவர்கள் இல்லை. அது என்ன காலம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் பக்கத்துக் காணிக்கு வந்து சேர்ந்தவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இளந்தாரி வயதிலிருந்து புறக்கோட்டையில் ஒரு சுருட்டுக்கடையில் நின்றவர். தைப்பொங்கலுக்கும் ஊர்க்கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வீடு வந்து போவாராம். தமிழ்ச் சனத்தை அடித்துத் துரத்திய அந்தக் குழப்பத்தோடு கடையை விட்டு வந்து, மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்து, எங்களோடு எங்களாகி விட்டார். ஆனாலும் அந்தப் பட்டணத்தின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. மழை பெய்தால் “கொழும்பிலை மழை இப்பிடியில்லை” என்பார். தேத்தண்ணி குடித்தால் கொழும்புத் தேத்தண்ணி. பாலத்தைக் கண்டால் கொழும்புப் பாலம்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் கதையாத மனுசி. கேட்டால் ‘ஓம்’ என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அண்ணை கொழும்பை அளக்கும்போது பக்கத்தில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருப்பார். ஒருநாளும் கொழும்பைக் கண்டவர் இல்லை.

அந்த வருசம் காலபோகம், மாரி மழையோடு விதைக்கிற பெரிய போகம், விளைந்தது பாருங்கள், அப்படியொரு விளைச்சல். மொட்டைக்கறுப்பன் நெல். கதிர் தலை சாய்ந்து வரம்பில் படுத்துக் கிடந்தது. பன்றியும் வரவில்லை, யானையும் வேறு யாருடைய வயலுக்கோ ஆடப் போய்விட்டது. சூடடித்து, பொலி தூற்றிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் என் மனைவி சுளகை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவோடு உதவிக்கு வந்து நின்ற அண்ணையிடம் நான் கேட்டேன்.

“அண்ணை, கொழும்பைப் போய்ப் பாத்திட்டு வரவேணும். சித்திரை பிறந்து சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க முந்தி. எப்பிடிப் போறது, எங்கை போறது, சொல்லுங்கோ.”

அண்ணையின் முகத்தை நீங்கள் கண்டிருக்க வேண்டும். சாணி போட்டு மெழுகிய களம், கூட்டித் துப்புரவாகக் கிடந்தது. ஒரு தடியை எடுத்துக் குந்தினார். நான் அவருக்கு எதிரே குந்தினேன். என் மனைவி அவருக்குப் பின்னால், தூற்றின நெல்லுக்குப் பக்கத்தில்.

“முதல்லை ரயிலிலை போறது. போய்க் கோட்டையிலை இறங்கி, அங்காலை போறது…”

“களத்திலை நிண்டுகொண்டு போறது போறது எண்டு சொல்லாதேங்கோ.”

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா. சரிதான், பொலி களத்தில் நிற்கும்போது போகுது, முடிஞ்சுது, இல்லை என்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் நெல்லும் கூடவே போய்விடும் என்பது எங்கள் வழக்கம். அண்ணை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சரி, வாறது எண்டு வையுங்கோ. தம்பியவை கொழும்புக்கு வருகினம். வந்து இறங்குகினம். இந்தா, இது துருசு. கோட்டை ஸ்டேசன். ரயிலாலை வாற சனமெல்லாம், மதகு திறந்தால் குளத்துத் தண்ணி வாற மாதிரி, இதுக்குள்ளாலை பாயும். இதிலையிருந்து தெற்காலை இழுக்கிறன் பார், பெரிய வாய்க்கால். அதுதான் காலி றோட்டு. வாய்க்காலுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கடல். மற்றப் பக்கம் கிளை வாய்க்கால்கள். பெரிய ஆக்களின்ரை வீடுகள், மியூசியம் எல்லாம் அதுக்குள்ளை.”

“மிருகக்காட்சிச்சாலை?”

“அது கடைவால்.”

என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் காணியும் வாய்க்காலின் கடைவால்தான். மேல்காணிக்காரர் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். அதுவும் சொட்டுச் சொட்டாக.

“கடைவாலுக்குப் பஸ் ஒழுங்கா வருமோ அண்ணை? நடுவிலை மறிச்சுப் போடுவினமோ?”

“அங்கை மறிக்கிறதுக்கு உங்கடை மேல்காணிக்காரரைப் போலை மண்வெட்டியோடை ஒருத்தரும் நிக்கேல்லைப் பிள்ளை. வரும். பின்னேரத்திலை யானை ஆட்டம் இருக்கு, அதையும் பாக்கலாம்.”

“யானை ஆட்டம் பாக்கவோ அவ்வளவு தூரம்?” என்றேன் நான். “என்ரை வயலுக்குள்ளை ஆடினது காணாதே?”

“அது களவாய் வந்து ஆடினது. இது ரிக்கட் வாங்கிப் பாக்கிற ஆட்டம்.”

அண்ணை கீறிக்கொண்டே போனார். காலிமுகத்திடலில் பின்னேரக் காற்று, துறைமுகத்தில் கப்பல், புறக்கோட்டையில் புடைவைக் கடைகள். படுக்கை அவர் நின்ற கடையின் மேல்மாடியில், அதற்கு ஆள் சொல்லி அனுப்புவார். கொண்டுபோக ஒரு சாக்கு அரிசி, ஒரு போத்தல் தேன். கடைசியாக அவர் இரட்டைத்தட்டு பஸ்ஸுக்கு வந்தார். மேல்தட்டின் முன் இருக்கையில் இருந்தால் டிரைவரின் தலைக்கு மேல் நாங்கள். றோட்டே எங்களுக்குள் வந்து விழுகிற மாதிரி இருக்கும். மதில்களுக்கு மேலால் ஆட்களின் வளவுகள் தெரியும்.

“வளவுக்குள்ளை ஆக்கள் நிண்டால்?” என்று கேட்டாள் என் மனைவி.

“ஆக்களும் தெரிவினம்.”

“எனக்கு அது மட்டும் காணும்” என்றாள். “கப்பல் எல்லாம் உங்கடை தம்பி பாக்கட்டும். நான் அந்தத் தட்டிலை ஏறி இருக்கவேணும்.”

அதன் பிறகு அவள் வேறொரு ஆளாகி விட்டாள். பயத்தம் பணியாரம் சுட்டுத் தகரப் பேணியில் போட்டாள். தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். பின்னேரங்களில் மாட்டுக்கொட்டிலில் இருந்து அவள் குரல் கேட்கும். கொழும்பைச் சிவலைக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதை விளக்க வேண்டும். அந்தக் கன்றுதான் வளர்ந்து சிவலைப் பசுவாகி நின்றது. வந்த புதிதில் நான் வயலுக்குப் போய்விட்டால் அவள் பேச்சுக் கொடுக்க ஒருவரும் இல்லை. இருந்த ஒரே ஊர்க்காரி அந்தக் கன்றுதான். அதோடு கதைத்துக் கதைத்துப் பழகி, அது பசுவாகிப் பால் கறக்கிற காலம் வந்தபோதும் அவள் வாய் ஓயாது. கறக்கத் தொடங்கினால் கதையும் தொடங்கும். பன்றி வந்த கதை, புகையிற அடுப்பு, நான் செய்கிற குற்றங்கள். என்னைப் பற்றிய முறைப்பாடுகளை எல்லாம் நான் கொட்டில் மறைவில் நின்றுதான் தெரிந்துகொள்வேன்.

சிவலை அப்போது நிறைமாதம். சித்திரைக்குப் பிறகுதான் கன்று போடும் என்று கணக்குப் பார்த்துத்தான் நாங்கள் பயணத்தை வைத்தோம். பசுவுக்கு எங்கள் கணக்குத் தெரியவில்லை. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்க, நல்ல நாகுகன்று, பெட்டைக்கன்று ஒன்றைப் போட்டுவிட்டு நக்கிக்கொண்டு நின்றது.

என் மனைவி கன்றைத் துடைத்தாள், பசுவுக்குக் கஞ்சி வைத்தாள், பிறகு என்னிடம் வந்து, “நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ” என்றாள்.

கன்று குடிக்கட்டுமே என்று நினைப்பீர்கள். சிவலைக்குப் பால் மடி கொள்ளாமல் வரும். பிறந்த கன்று முழுவதையும் குடித்தால் கழிச்சல் பிடித்துப் போய்விடும். கறக்காமல் விட்டால் மடி கட்டிப் பசு போய்விடும். பயணத்தைத் தள்ளி வைக்கவும் வழியில்லை. தண்ணீர்க் கூட்டத்தில் திறக்கிற நாளைச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் வந்தால் உழவு, உழவு வந்தால் விதைப்பு. பிறகு யார் எங்கே அசைவது?

“வேறை ஆர் கறந்தால் என்ன?” என்றேன்.

“கறந்து பாருங்கோ.”

பார்த்தேன். செம்பு வைக்கோலுக்குள் போய் விழுந்தது, நான் சாணிக்குள்.

“உங்களுக்கு நெல்லு மட்டும்தான் சொல்லுக் கேக்கும்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. போகமாட்டேன் என்று முடிவெடுத்த ஒருத்தியின் சிரிப்பு அது.

அக்காவைக் கூப்பிட்டோம். அவரிடம் ஆடு நின்றது, ஆடு கறந்து பழகிய கை. சிவலை அவரை உதைக்கவில்லை. ஆனால் பாலையும் விடவில்லை. முலையைப் பிடித்தால் பாலை மேலே இழுத்து வைத்துக்கொண்டது. கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துப் பார்த்தோம். கன்றை விலக்கியதும் திரும்பவும் இழுத்துக்கொண்டது.

“மாடு ஆளைப் பாக்கிறேல்லை, மணத்தைத்தான் பாக்கும்” என்றார் அண்ணை. “தங்கச்சி, உம்மடை சீலை ஒண்டைக் குடும். தோய்ச்சதைத் தராதேயும்.”

அடுத்தநாள் காலையில் அக்கா என் மனைவியின் பழைய பச்சைச் சீலையைச் சுற்றிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். பால், புகை, வியர்வை எல்லாம் ஊறின சீலை. என் மனைவி குசினிக்குள் ஒளிந்துகொண்டாள், பசுவின் கண்ணில் படக்கூடாதென்று. சிவலை முகர்ந்து பார்த்தது. முந்தானையை நக்கியது. ‘சரி, வந்திட்டுது’ என்று நான் நினைத்தேன். பிறகு அது கழுத்தைத் திருப்பி அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றது. எதற்கோ காத்துக்கொண்டு நிற்பது போல. அக்காவும் பார்த்தார். இரண்டு பேரும் பேசாமல் நின்றார்களே தவிரப் பால் வரவில்லை.

அன்று மத்தியானம் நான் வயலால் வந்தபோது என் மனைவி தகரப் பெட்டிக்குள் இருந்து பணியாரப் பேணியை எடுத்துப் பழையபடி அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“உதேன் எடுக்கிறீர்?”

“எறும்பு வரும்.”

“பெட்டிக்குள்ளை எப்பிடி எறும்பு வரும்?”

“நீங்கள் போட்டு வாங்கோ” என்றாள், என்னைப் பார்க்காமல். “போய், அந்தத் தட்டிலை ஏறி இருந்து, கண்டதை வந்து சொல்லுங்கோ. நான் கேக்கிறன். அதுவும் பாத்த மாதிரித்தானே.”

“நீர் இல்லாமல் நான் போகேல்லை.”

“போகாட்டில் ஆருக்குமில்லை. ஏன் இரண்டு பேரும் கெடுவான்?”

சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பேணியின் மூடியை இறுக்கினாள். எத்தனையோ போகம் பார்த்து வந்த நல்ல விளைச்சல் நெல் போடுகிற கோற்காலிக்குள் கிடக்கிறது, தண்ணீர் திறக்கும் நாள் கிட்டி வருகிறது, இவள் எறும்பைச் சொல்கிறாள்.

அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன். அண்ணை தன் பக்கத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் ஒரு பெண் குரல் கேட்டது. என் மனைவி என்று நினைத்தேன். ஆனால் அவள் குசினி வாசலில், கையில் அகப்பையோடு, காது கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத் தெரியாத குரல். மெல்லிய, வழுவழுப்பான குரல், பழக்கமில்லாத வாசலில் கால் வைப்பது போலத் தயங்கித் தயங்கி.

“இந்தா சிவலை, கேள். கோட்டையிலை இறங்கினால் முன்னாலை பெரிய றோட்டு. இறங்கின உடனை நடக்கக்கூடாது. நிண்டு, இரண்டு பக்கமும் பாத்து… அங்காலை ஒரு மணிக்கூண்டு. அது வெளிச்சவீடும்தான். மேலை வெளிச்சம் எரியும், கீழை மணிக்கூடு ஓடும். கப்பல்காரனுக்கு வெளிச்சம், கடைக்காரனுக்கு மணி. கடையிலை மேல்மாடிக்கு மரப்படி. நாலாம் படி கிறீச்செண்டும், முதலாளி படுத்த பிறகு ஏறிறதெண்டால் அதை விட்டிட்டு ஏறவேணும்…”

அண்ணை வேலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். “உது நான் களத்திலை சொல்லேல்லையே” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“…காலிமுகத்திலை பின்னேரம் ஒரு மனிசன் கடலை விப்பான். ஒரு கை இல்லை. ஆனால் சுருள் சுத்திறது அந்த ஒரு கையாலைதான். அலை அடிச்சால் மதிலுக்கு மேலாலை தெறிக்கும். சட்டை நனைஞ்சாலும் காய்ஞ்சிடும், அப்பிடிக் காத்து…”

அந்தக் கதைக்கு நடுவில் எனக்கு இன்னொரு சத்தம் கேட்டது. வெறும் செம்பில் பால் விழுகிற சத்தம். முதலில் தகரத்தில் ஊசி விழுவது போல, பிறகு நுரைக்குள் விழுகிற தடித்த சத்தம். என் மனைவி அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து கொட்டில் வாசலில் நின்று, “இஞ்சாரும், உதெல்லாம் நான் எப்ப சொன்னனான்?” என்று கேட்டார்.

“பொங்கலுக்கு வரேக்கை சொல்லுவியள். திருவிழாவுக்கு வரேக்கையும் சொல்லுவியள்.” பச்சைச் சீலையோடு குந்தியிருந்த அக்கா திரும்பவில்லை, கை நிற்கவில்லை. “கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்.”

“அப்ப ஒருநாளாவது, நானும் வந்து பாக்கப்போறன் எண்டு கேக்கேல்லையே நீர்?”

“கறக்கேக்கை ஊடாலை கதையாதேங்கோ. மாடு மிரளும்.”

அண்ணை வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அவர் வாய் மூடியதை நான் அன்றுதான் கண்டேன். செம்பு நிறைந்த பிறகும் அக்கா நிறுத்தவில்லை. கடலைக்காரனைத் தாண்டி வெள்ளவத்தை மட்டுக்கும் போய்விட்டுத்தான் எழும்பி வந்தார். பணியாரப் பேணி மறுபடியும் பெட்டிக்குள் போனது. எறும்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மிச்ச நாட்களும் அக்காதான் கறந்தார், பழக்குவதற்காக. பயணத்தன்று காலையில் அண்ணைதான் வண்டில் கட்டிக் கிளிநொச்சி ஸ்டேசனில் கொண்டுவந்து விட்டார். நீங்களும் வாங்கோவன் அண்ணை என்று கேட்டேன். “கடை ஆக்களைப் பாத்தால் நான் சுகம் விசாரிச்சதாச் சொல்லு” என்று மட்டும் சொன்னார். ரயில் மாங்குளம், புளியங்குளம், வவுனியா என்று காட்டுக்குள்ளால் ஓடியது. என் மனைவி யன்னலோடு ஒட்டி இருந்து ஸ்டேசன் பலகைகளை எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்துக்கொண்டு வந்தாள். காடு முடிந்த இடத்தில் என் தொடையில் தட்டி, “முடிஞ்சுது” என்றாள். இனிக் களம் இல்லை, எதையும் சொல்லலாம்.

கொழும்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, எல்லோரும் பார்த்த ஊர். நான் விட்ட பிழையை மட்டும் சொல்கிறேன். காலி றோட்டில் தெற்கே நடக்கும்போது கடல் இடக்கைப் பக்கம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடல் வலக்கைப் பக்கம் கிடந்தது. கடலே பிழையோ என்று ஒரு கணம் நினைத்தேன். “நீங்கள் அண்ணைக்கு எதிர்ப்பக்கம் குந்தியிருந்து பாத்தனீங்கள்” என்றாள் என் மனைவி. “நான் அவருக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான். என்ரை பின்னாலை வாங்கோ.” அதன் பிறகு பயணம் முழுவதும் அவள் முன்னால், நான் பின்னால்.

அந்தப் பின்னேரம் காலிமுகத்தில் நின்றோம். கடலைக்காரர் பலர் இருந்தார்கள், எல்லோருக்கும் இரண்டு கை. வெயில் தாழ்ந்ததும் அவள் பேச்சை நிறுத்தி வடக்குப் பக்கம் பார்த்தாள்.

“என்ன?”

“இது கறக்கிற நேரம்” என்றாள். “இப்ப அக்காவும் சிவலையும் இதிலைதான் நிப்பினம்.”

பஸ்ஸில் மேல்தட்டின் முன் இருக்கை அடுத்தநாள் கிடைத்தது. முதலில் வந்த பஸ்ஸில் அந்த இருக்கையில் ஆட்கள் இருந்தார்கள் என்று அதை விட்டு, அடுத்ததையும் விட்டு, அதற்கடுத்ததில் ஏறினோம். மதில்களுக்கு மேலால் வளவுகள் வந்து வந்து போயின. ஒரு பெரிய வீட்டின் பின்வளவில் ஒரு மனுசி திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். என் மனைவி எழும்பி நின்றுவிட்டாள். “இஞ்சையும் தேங்காய்தான் திருவினம்!” என்று பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். விளங்கினவர்களும் சிரித்தார்கள், விளங்காதவர்களும் சிரித்தார்கள். மிருகக்காட்சிச்சாலை யானைக்கு அவள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை. எங்களுடையது இதைவிட நல்லாய் ஆடினது என்றாள். உண்மைதான்.

திரும்பி வந்து இறங்கியதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொட்டிலுக்குத்தான் போனாள், புறக்கோட்டையில் வாங்கிய புதுச் சீலையோடு. சிவலை முகர்ந்து பார்த்து, மூசி, பின்னுக்குப் போனது.

“என்னடி, என்னைத் தெரியேல்லையே உனக்கு?”

அக்கா பச்சைச் சீலையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார். “தோய்க்காமல்தான் வைச்சிருக்கிறன்” என்றார். என் மனைவி அதைச் சுற்றிக்கொண்டு குந்தினாள். கை மடியில் பட்டதும் வாயும் தொடங்கியது. “கேள் சிவலை, போனனாங்கள். கோட்டையிலை இறங்கி, கடற்கரைக்குப் போய்…”

“அதுக்கு முதல் மணிக்கூண்டு வரவேணும்” என்றார் அக்கா, கன்றைப் பிடித்தபடி.

“நான் அதைப் பாக்கேல்லை அக்கா. மற்றப் பக்கம் சனத்தைப் பாத்துக்கொண்டிருந்திட்டன்.”

“மணிக்கூண்டைப் பாக்காமல் அப்ப என்னத்தைப் பாத்தனீர்?”

“வந்து பாருங்கோவன்” என்றாள் என் மனைவி. “சிறுபோகம் வெட்டினவுடனை அண்ணையோடை போட்டு வாங்கோ. உங்கடை ஆட்டை நான் கறக்கிறன்.”

“ஆடு கதை கேளாது.”

“கேக்கப் பழக்கிறன்.”

அக்கா இல்லை என்று சொல்லவில்லை. கொட்டில் வாசலில் நின்ற அண்ணை எங்கள் எல்லோரையும் பார்த்தார், பிறகு முற்றத்தில் கிடந்த ஒரு தடியை எடுத்தார். கூட்டின மண்ணில் குந்தி ஒரு கோடு இழுத்தார். நிறுத்தினார். என்ன நினைத்தாரோ, எழும்பி வந்து, கொட்டில் வாசல் மண்ணில், அக்கா நின்ற பக்கமாக, அவர் பார்க்கிற திசையையே பார்த்தபடி குந்தி, முதலில் இருந்து கீறத் தொடங்கினார்.

“இது துருசு…”

“அது தெரியும்” என்றார் அக்கா. “அங்காலை சொல்லுங்கோ.”